ஈஸ்ட் வைக்கும் மிச்சம்

பிராக் நகரத்து மதுக்கூடங்களில் பீர் கேட்பவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணைத்தான் சொல்வார்கள். ‘பத்து ஒண்ணு’, ‘பன்னிரண்டு ரெண்டு’ என்கிற மாதிரி. செக் மொழியில் தெசீட்கா, த்வனாஸ்ட்கா. முதல்முறை போகும் வெளியூர்க்காரருக்குப் பகீரென்றிருக்கும். பன்னிரண்டு சதவீத ஆல்கஹாலா? குடித்துவிட்டு எழுந்து நடக்க முடியுமா? ஆனால் கிளாஸில் வந்து சேர்வது ஐந்து சதவீதத்தை ஒட்டிய சாதாரண பீர். அந்தப் பன்னிரண்டுக்கும் ஆல்கஹாலுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. பீர் பீராவதற்கு முன்னால், வெறும் தித்திப்பான பார்லிச் சாறாக இருந்த நாளில், அதில் எவ்வளவு சத்து கரைந்திருந்தது என்பதைச் சொல்லும் எண் அது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. செக் நாட்டின் பேர்பெற்ற இரண்டு பீர்களை எடுத்துக்கொள்வோம். பில்ஸ்னர் உர்க்வெல், புத்வார். இரண்டுமே ஏறத்தாழ 12 டிகிரியில் தொடங்குபவை. உர்க்வெல்லில் ஆல்கஹால் 4.4 சதவீதம், புத்வாரில் 5.0 சதவீதம். ஒரே அளவு சத்தில் தொடங்கிய இரண்டு பீர்கள் ஏன் வேறு வேறு இடத்தில் போய் நின்றன? உர்க்வெல்லைக் குடித்தவர்கள் அதன் லேசான இனிப்பையும் நாக்கில் படரும் கனத்தையும் சொல்வார்கள். புத்வார் அதைவிட உலர்ந்த ருசி. இந்தக் கேள்விக்கான விடையைத்தான், அடுக்களை அடுப்பில் இருபது லிட்டர் பாத்திரம் வைத்து பீர் தயாரிக்கும் ஒவ்வொருவரும் தன் செலவில் கற்றுக்கொள்கிறார்.

வீட்டு பீர் என்பது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய பொழுதுபோக்கு. பிரிட்டனில் 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் வீட்டு பீருக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதியை நீக்கினார். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருப்பதால் இங்கே யாரும் பாத்திரத்தைத் தேட வேண்டாம். விஷயத்தைத் தெரிந்துகொள்ளத் தடை ஒன்றும் இல்லை.

அப்படி வீட்டில் தயாரிக்கும் புதியவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும் பதற்றம் ஒன்று உண்டு. இரண்டு வாரம் நொதிக்க வைத்த பீரை அளந்து பார்ப்பார்கள். கருவி 1.020 என்று காட்டும். போன முறை 1.010 வந்ததே, இப்போது ஏன் பாதியில் நின்றுவிட்டது? ஈஸ்ட் செத்துவிட்டதா? இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் வாங்கிக் கொட்டலாமா? கொட்டியும் எண் அசையாது. பல நேரங்களில் பீர் பாதியில் நிற்கவே இல்லை; போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அளக்கும் கருவி நமக்குப் பழக்கமானதுதான். பால் சொசைட்டியில் குழாய் போன்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தப் பால்மானியின் உடன்பிறப்பு இது. பெயர் ஹைட்ரோமீட்டர். தண்ணீரில் விட்டால் 1.000 என்ற கோட்டில் நிற்கும். சர்க்கரை கரைந்த திரவம் அடர்த்தி கூடியது என்பதால் கருவியை மேலே தூக்கும். 1.050 என்று காட்டினால் அந்தத் திரவம் அதே கன அளவுத் தண்ணீரைவிட 1.05 மடங்கு எடை என்று பொருள். பீர்க்காரர்கள் இதை ‘ஐம்பது பாயின்ட்’ என்பார்கள். ஈஸ்ட் போடுவதற்கு முன் எடுக்கும் அளவு ஒரிஜினல் கிராவிட்டி, சுருக்கமாக ஓ.ஜி. நொதித்து முடிந்தபின் எடுப்பது ஃபைனல் கிராவிட்டி, எஃப்.ஜி. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 1.050-இல் தொடங்கி 1.012-இல் முடிந்தால் வித்தியாசம் 0.038, ஆல்கஹால் கிட்டத்தட்ட 5 சதவீதம்.

செக் நாட்டுக்காரர்கள் சொல்லும் டிகிரி இதே விஷயத்தை வேறு அளவுகோலில் சொல்வது. நூறு கிராம் சாற்றில் பன்னிரண்டு கிராம் சத்து கரைந்திருந்தால் 12 டிகிரி. ஹைட்ரோமீட்டரில் அது 1.048. பிராக் நகரில் பேராசிரியராக இருந்த கார்ல் பாலிங் 1843-இல் இந்த அளவுகோலை வகுத்தார். அதோடு நிற்காமல் ஒரு கணக்கையும் கொடுத்துவிட்டுப் போனார்: ஈஸ்ட் 2.0665 கிராம் சத்தைத் தின்றால் 1 கிராம் ஆல்கஹாலும் 0.9565 கிராம் கரியமில வாயுவும் 0.11 கிராம் புது ஈஸ்டும் கிடைக்கும். நூற்றெண்பது ஆண்டுகள் ஆகியும் பீர் ஆலைகளில் இந்தக் கணக்கு நடமாடிக்கொண்டிருக்கிறது.

அளவுகோல் வருவதற்கு முன்னால் பீர்க்காரர்கள் நாக்கையும் கண்ணையும் அனுபவத்தையும் நம்பினார்கள். இங்கிலாந்தின் ஹல் நகரத்தைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் 1784-இல் சாக்கரோமீட்டர் எனப்பட்ட இதே மாதிரியான கருவியைப் பற்றிப் புத்தகம் எழுதியபோதுதான் பலருக்குக் கண் திறந்தது. அப்போது லண்டனில் கொடிகட்டிப் பறந்தது போர்ட்டர் என்ற கறுத்த பீர். அதற்குப் பழுப்பு நிற மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, வாங்குவார்கள், விலை மலிவு. கருவியை வைத்து அளந்ததும் வண்டவாளம் வெளியே வந்தது. விலை கூடிய வெளிர் மால்ட் அதே எடைக்கு எவ்வளவோ அதிகச் சத்தைத் தந்தது. மலிவு என்று நினைத்ததுதான் உண்மையில் நஷ்டம். ஆலைகள் மெல்ல வெளிர் மால்ட்டுக்கு மாறின. கறுப்பு நிறத்துக்கு என்ன செய்வது என்ற சிக்கலுக்கு, 1817-இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற வறுத்த மால்ட் விடையானது. ஒரு கண்ணாடிக் குழாய் ஒரு நகரத்துப் பானத்தின் கைப்பக்குவத்தையே மாற்றிவிட்டது.

‘ஒரிஜினல்’ என்ற சொல்லை எல்லார் வாயிலும் நிலைநிறுத்தியதில் வரி வசூலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் மீதான வரியை ஒழித்து, ஈஸ்ட் சேர்ப்பதற்கு முந்தைய சாற்றின் அடர்த்திக்கு வரி போட்டார். சர்க்கார் அதிகாரி வந்து அளக்கும் எண்தான் முதல் எண். அதன்பின் ஈஸ்ட் எவ்வளவு தின்றது என்பது சர்க்காருக்குத் தேவையில்லாத விஷயம். முதல் உலகப் போரில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கம் கை வைத்ததும் இதே எண்ணில்தான். 1918-இல் பிரிட்டனில் பீரின் சராசரி அடர்த்தி 1.030-ஐத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. 1993 வரை பிரிட்டிஷ் பீர் வரி இந்த முறையில்தான் நடந்தது.

முதல் எண் சாற்றில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அதில் எவ்வளவு தின்னக்கூடியது, தின்பவருக்கு எவ்வளவு பசி என்பதெல்லாம் வேறு கதை.

பார்லி மணிக்குள் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டால் மாவைத் தின்ன முடியாது. மணியை முளைகட்டினால் அதற்குள் மாவை வெட்டும் நொதிகள் பெருகுகின்றன. முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சாதாரண மாவைப் போலக் கெட்டியாகாமல் கஞ்சி நீர்த்து, லேசாகத் தித்திக்கும். பீர்க்காரர்கள் மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். அங்கே இரண்டு நொதிகள் கத்தியோடு நிற்கின்றன. பீட்டா அமைலேஸ், மாவுச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாக நறுக்கி மால்ட்டோஸ் என்ற சர்க்கரையைத் தரும். 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூடு அதற்கு இதம். ஆல்ஃபா அமைலேஸ் இன்னும் கூடுதல் சூட்டைத் தாங்கும், 70 டிகிரியை ஒட்டி நன்றாக வேலை செய்யும். ஆனால் கண்ட இடத்தில் வெட்டும். அதனால் டெக்ஸ்ட்ரின் எனும் பெரிய துண்டுகள் நிறைய மிஞ்சும். டெக்ஸ்ட்ரினை பீர் ஈஸ்ட் தொடாது.

ஆகவே 65 டிகிரியில் ஊறிய சாறும் 69 டிகிரியில் ஊறிய சாறும் ஹைட்ரோமீட்டரில் ஒரே 1.050 காட்டலாம். கருவிக்குச் சர்க்கரையும் டெக்ஸ்ட்ரினும் ஒன்றுதான். ஈஸ்டுக்கு அப்படி இல்லை. நான்கு டிகிரி சூடு கூடியதற்கு எஃப்.ஜி. சில பாயின்ட் மேலே போய் நிற்கும். புதியவர்கள் ஈஸ்டைக் குறை சொல்லும் பல சந்தர்ப்பங்களில் உண்மைக் குற்றவாளி, சரியாகக் காட்டாத தெர்மாமீட்டர்.

வழக்கமான மால்ட் சாற்றில் ஏறத்தாழப் பாதி மால்ட்டோஸ். பத்துப் பதினைந்து சதவீதம் மால்ட்டோட்ரையோஸ். குளுக்கோஸ், சுக்ரோஸ், ஃபிரக்டோஸ் எல்லாம் சேர்ந்து கொஞ்சம். மீதி, சுமார் கால் பங்கு, டெக்ஸ்ட்ரின். பந்தியில் முதலில் பாயசத்தில் கை வைக்கும் குழந்தையைப் போல ஈஸ்ட் எளிய சர்க்கரைகளை முதலில் முடித்துவிட்டு மால்ட்டோஸுக்கு வரும். மால்ட்டோட்ரையோஸ் கடைசி. இங்கேதான் ஈஸ்ட் வகைகளுக்குள் பேதம் தெரியும். சில வகைகள் அதையும் துடைத்துத் தின்றுவிடும். சில அரைகுறையாக விட்டுவிடும். சிலவற்றால் அதை உள்ளே இழுக்கவே முடியாது.

இப்படித் தின்ற பங்கைச் சதவீதமாகச் சொல்வதுதான் அட்டெனுவேஷன். மெலிதல் என்பது அந்தச் சொல்லின் பொருள். கெட்டியான சாறு மெலிந்து பீராகிறது. 1.050-இல் 38 பாயின்ட் தின்று 1.012-இல் நிறுத்தினால், ஐம்பதில் முப்பத்தெட்டு, அதாவது 76 சதவீதம். ஈஸ்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு வகைக்கும் இந்த எண்ணை அச்சிட்டுத் தருகின்றன. வயீஸ்ட் நிறுவனத்தின் லண்டன் இ.எஸ்.பி. ஈஸ்டுக்கு 67 முதல் 71 வரை. அதே நிறுவனத்தின் அமெரிக்கன் ஏல் ஈஸ்டுக்கு 73 முதல் 77 வரை. 1.050 சாற்றை இரண்டு பாத்திரத்தில் பிரித்து ஒன்றில் இதையும் மற்றொன்றில் அதையும் போட்டால், முதலாவது 1.015, 1.016 என்ற அளவில் நிற்கும், இரண்டாவது 1.012, 1.013-க்கு இறங்கும். மூன்று பாயின்ட்தானே என்று தோன்றும். நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆங்கிலேய ஏலில் பிஸ்கட் போன்ற மால்ட் மணமும் சதைப்பிடிப்பும் தங்குவதற்கு இந்த மூன்று பாயின்ட்டும் ஒரு காரணம். இந்த வகை ஈஸ்ட் வேலை முடியும் தறுவாயில் தயிர்போலத் திரண்டு அடியில் படிந்துவிடும். படுத்த ஈஸ்ட் தின்னாது. பாத்திரத்தை மெல்லச் சுழற்றி எழுப்பிவிட்டால் சில நேரம் இன்னும் இரண்டு பாயின்ட் இறங்கும்.

மறுகோடியில் இருப்பது பெல்ஜியத்து சேசான் ஈஸ்ட். அவற்றில் சில வகைகளிடம் எஸ்.டி.ஏ.1 என்ற மரபணு உண்டு. அதன் தயவில் அவை ஒரு நொதியை வெளியே சுரந்து, மற்ற ஈஸ்டுகள் தீண்டாத டெக்ஸ்ட்ரினையும் சர்க்கரையாக உடைத்துத் தின்கின்றன. எஃப்.ஜி. 1.005-க்கும் கீழே போவது அங்கே சகஜம். சேசான் உலர்ந்து, வெயிலுக்கு இதமாக இருப்பதன் ரகசியம் அது.

அட்டெனுவேஷன் சதவீதம் என்பதால்தான் அந்த 1.020 பதற்றம் வீண் என்று ஆகிறது. ஈஸ்ட் கடைசியில் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தேடிப் போவதில்லை. இருப்பதில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மீதியை வைக்கிறது. அதே 75 சதவீத ஈஸ்ட், 1.040-இல் தொடங்கிய எளிய பீரை 1.010-இல் கொண்டுபோய் விடும். 1.080-இல் தொடங்கிய கனத்த பீரை 1.020-இல் விடும். 1.100-இல் தொடங்கினால் 1.025. மூன்றிலும் ஈஸ்ட் ஒரே நேர்மையோடுதான் உழைத்திருக்கிறது. பெரிய பீர்கள் இனிப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதன் காரணம் இந்த எளிய விகிதக் கணக்கு. ஜெர்மனியில் 16 டிகிரிக்கு மேல் தொடங்கினால்தான் போக் என்று பெயர் வைக்கலாம், 18-க்கு மேல் போனால் டோப்பல்போக். குல்ம்பாக் நகரத்தின் இ.கே.யு. 28 என்ற பீரின் பெயரில் இருப்பதும் தொடக்க எண்தான், ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டி.

கனத்த சாற்றில் விகிதமே மாறிவிடும் ஆபத்தும் உண்டு. சர்க்கரை மிகுந்த சாறு, ஊறுகாய் உப்பைப் போல, ஈஸ்டின் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சும். அதைத் தாண்டி வந்தால் தானே தயாரித்த ஆல்கஹால் அதற்கு விஷமாகிறது. பாக்கெட்டில் 75 என்று இருந்தாலும் 65-இல் களைத்துவிடலாம். பரிகாரம், ஆரம்பத்திலேயே நிறைய ஈஸ்ட், நிறைய ஆக்ஸிஜன். வீட்டு பீர்க்காரர்கள் பின்பற்றும் வாய்ப்பாட்டின்படி ஏல் என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏழரை லட்சம் செல்கள். இருபது லிட்டர் 12 டிகிரிச் சாற்றுக்கு 18,000 கோடி செல்கள் என்று கணக்கு வரும். 24 டிகிரி என்றால் 36,000 கோடி. படைக்கு ஆள் சேர்ப்பதுபோல, முந்தின வாரமே சின்னக் குடுவையில் ஈஸ்டைப் பெருக்கி வைத்துக்கொள்வார்கள்.

பெல்ஜியத் துறவிகள் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். வெஸ்ட்மாலே மடத்தின் டிரிப்பல் 9.5 சதவீத ஆல்கஹால். குடிக்கும்போது அந்தக் கனம் தெரியாது. சத்தில் ஒரு பகுதி மால்ட்டிலிருந்து வராமல் வெறும் சர்க்கரையாகச் சேர்க்கப்படுகிறது. ஈஸ்ட் அதை மிச்சமின்றித் தின்றுவிடும், ஆல்கஹால் ஏறும், எஃப்.ஜி. ஏறாது. நம் பக்கத்துப் பதநீரும் இப்படித்தான். அதில் பெரும்பாலும் சுக்ரோஸ். கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் இறக்கினால் கள்ளாகி, நேரம் ஆக ஆக இனிப்பு கரைந்து போகும். எதிர்த்திசையில், மில்க் ஸ்டவுட் என்ற பீரில் பால் சர்க்கரையான லாக்டோஸைப் போடுவார்கள். பீர் ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது. இருபது லிட்டருக்கு அரைக் கிலோ போட்டால் ஓ.ஜி. சுமார் 9 பாயின்ட் ஏறும், எஃப்.ஜி.யும் அதே 9 பாயின்ட் ஏறும், ஆல்கஹால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஹைட்ரோமீட்டர் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. ஆல்கஹாலின் அடர்த்தி 0.789, தண்ணீரைவிடக் குறைவு. நொதித்த பீரில் மீந்த சத்து கருவியை மேலே தள்ள, ஆல்கஹால் அதைக் கீழே இறக்குகிறது. அதனால் கருவி காட்டும் எண் உண்மையைவிடக் குறைவு. 75 சதவீதம் மெலிந்தது என்றால் நிஜத்தில் 61, 62 சதவீதம்தான். கருவி காட்டும் அந்த 75-க்குத் தோற்ற அட்டெனுவேஷன் என்று பெயர். தேனிலோ ஆப்பிள் சாற்றிலோ செய்யும் மதுவில் கருவி 0.996 என்று தண்ணீருக்கும் கீழே போவதன் மர்மம் இதுதான். சூடும் ஏமாற்றும். இருபது டிகிரிக்கு அளவு செய்த கருவியை நாற்பது டிகிரிச் சாற்றில் விட்டால் 6 பாயின்ட் குறைத்துக் காட்டும். கெட்டி மால்ட் பாகில் தண்ணீர் ஊற்றிச் செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: சரியாகக் கலக்காவிட்டால் பாகு அடியிலும் தண்ணீர் மேலேயும் நிற்கும், மேலாக எடுத்து அளந்தவர் ஓ.ஜி. விழுந்துவிட்டதே என்று கவலைப்படுவார்.

பிராக் விஷயத்துக்கு இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.048-இல் தொடங்கி 4.4 சதவீத ஆல்கஹால் வர வேண்டுமானால் உர்க்வெல் 1.014-க்கும் 1.015-க்கும் நடுவே நிற்க வேண்டும். மெலிவு 70 சதவீதம். புத்வார் 1.010 வரை இறங்க வேண்டும், 79 சதவீதம். நான்கு பாயின்ட் சொச்சம்தான் இரண்டு பீருக்கும் நடுவே கிடக்கிறது. உர்க்வெல்லின் மிச்சம் திகட்டாமல் இருப்பதற்குக் காரணம், அதில் தாராளமாகப் போடும் சாட்ஸ் என்ற ஹாப் பூவின் கசப்பு. டெக்ஸ்ட்ரினுக்குப் பெரிதாக இனிப்பும் கிடையாது. நாக்கில் கனமாக உட்கார்வதுதான் அதன் வேலை. எஃப்.ஜி.யை வைத்து மட்டும் ஒரு பீரை இனிப்பு என்று சொல்லிவிடுவது அவசரம்.

ருசி ஒருபுறம் இருக்கட்டும், பாட்டிலில் அடைக்கும் நாளில் இந்த எண் பாதுகாப்பு விவகாரம். வீட்டு பீரில் நுரை வருவதற்கு, பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறு ஏழு கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவாக்கும். நொதித்தல் முடியாமலே அடைத்துவிட்டால், மீந்திருக்கும் ஒவ்வொரு பாயின்ட்டும் பீரின் கன அளவில் சுமார் அரைப் பங்கு வாயுவைக் கூடுதலாகச் சேர்க்கும். நான்கு பாயின்ட் மிச்சம் என்றால், தேவையான வாயுவுக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு. கண்ணாடி தாங்காது. அலமாரிக்குள் நடுராத்திரியில் வெடிக்கும் இந்த பாட்டில்களுக்கு வீட்டு பீர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பாட்டில் குண்டு.

அதனால் அனுபவசாலிகள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஈஸ்ட் போட்ட அன்றே ஒரு கிளாஸ் சாற்றைத் தனியாகச் சின்னக் குடுவையில் எடுத்து, அதில் அளவுக்கு மீறி ஈஸ்டைக் கொட்டி, வெதுவெதுப்பான மூலையில் வைத்து அடிக்கடி குலுக்குவார்கள். இரண்டு மூன்று நாளில் தின்னக்கூடியது எல்லாம் தீர்ந்துவிடும். குடுவை 1.012 காட்டி, பெரிய பாத்திரம் 1.018-இல் நின்றால், அந்த ஆறு பாயின்ட் இன்னும் ஈஸ்டுக்காகக் காத்திருக்கிறது. அறையைக் கொஞ்சம் சூடாக்கிப் பொறுத்திருக்க வேண்டும். குடுவையும் 1.018 என்றால் பாட்டிலைக் கழுவ ஆரம்பிக்கலாம். அளந்த சாற்றைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றுவதில்லை, கிருமி புகுந்துவிடும் என்ற பயம். நுரையில்லாமல், குளிர்ச்சியில்லாமல், கலங்கலாக இருக்கும் அந்த அரை டம்ளரைக் கீழே கொட்ட மனம் வராமல் அங்கேயே நின்று குடித்துவிடுகிறார்கள்.